முத்து எப்படிப் பிறக்கிறது?

எல்லாம் வல்ல அல்லாஹ் தன் திருமறையின் 'அர்ரஹ்மான்' அத்தியாயத்தில், மனித குலத்துக்குத் தான் வழங்கிய அருட்கொடைகளை ஒன்றன்பின் ஒன்றாக நினைவூட்டி வருகின்றான். அவ்வரிசையில் கடலிலிருந்து வெளிப்படும் முத்தும் பவளமும் இடம் பெறுகின்றன. உலகின் எத்தனையோ நாடுகளில் அந்த வசனத்தை ஓதும் மக்கள் முத்தைக் கடையில் மட்டுமே கண்டிருப்பர். தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழும் நமக்கோ, அது நம் வீட்டு வாசலிலுள்ள கடலைப் பற்றிய பேச்சாகும். நம் முன்னோர் அந்த முத்தையும் சங்கையும் விற்று உண்டனர், உடுத்தனர், பள்ளிவாசல்களைக் கட்டினர்.

அருமை வாசகர்களே! இன்று உங்கள் முன் நான் வைக்க விரும்புவது ஒரு வினா. ஒரு பிள்ளை விஞ்ஞானியாக வேண்டும் என்று எதனால் ஆசைப்படுகிறது? மதிப்பெண்ணா, சம்பளமா, பெற்றோரின் கட்டளையா? அல்லது இவை எவற்றுக்கும் முந்தியதாக வேறொன்று உண்டா? விடையைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் முத்துக் கடற்கரையிலேயே அது கிடக்கிறது.

கொற்கையின் முத்து ரோமாபுரி வரை சென்ற கதையை யாவரும் அறிவோம். கொற்கைத் துறை மண் மூடித் தூர்ந்த பின்னர் காயல் தலையெடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தின் செழிப்பையும், இக்கடலில் நடைபெற்ற முத்துக்குளித்தலையும் விரிவாக எழுதி வைத்துள்ளார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. சுறா முதலிய பெருமீன்களின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மந்திரம் ஓதியவர் கரையிலிருந்து பங்கு வாங்கினார். மூச்சடக்கி உள்ளே இறங்கியவரோ வேறு.

அந்தக் குளியாளிகளை எண்ணிப் பாருங்கள். பரதவச் சகோதரர்களும் நம் சமுதாயத்தினரும் தோளோடு தோள் நின்று செய்த தொழில் அது. பாறைக் கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றி, இடுப்பில் வலைப்பையுடன், கடலடியிலுள்ள பார்களுக்கு அவர்கள் இறங்குவார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக மூச்சு நிற்கும். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் மைத்துனராக இருப்பார் என்பர். தன் சகோதரியின் தாலி தன் கையிலிருக்கிறது என்ற நினைவு அவரைக் கண்ணயர விடாதாம். நீரோட்டம், காற்று, கடலின் நிறம், பாரின் இருப்பிடம் யாவும் அம்மக்களுக்கு மனப்பாடம். எழுதி வைக்கப்படாத பெரியதொரு கல்வி அது.

ஆயினும், இத்தனை நூற்றாண்டுகள் முத்தெடுத்தும், முத்து எப்படிப் பிறக்கிறது என்ற வினாவுக்கு நம் கரையில் ஒரே ஒரு விடைதான் வழங்கி வந்தது. மழைக் காலத்தில் சிப்பி கடலின் மேற்பரப்புக்கு வந்து வாய் திறக்கும். அதில் விழும் மழைத்துளி முத்தாக விளையும் என்பதே அது. அரபு நாடுகளிலும் இதே கதை உண்டு. அழகிய கதைதான், மறுப்பதற்கில்லை. கவிஞர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது. ஆனால் கடலடியில் பாறையைப் பற்றிக்கொண்டு கிடக்கும் சிப்பியைத் தம் கையாலேயே பறித்தெடுத்த குளியாளிகள், 'இது மேலே வருவதை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லையே' என்று சொல்லியிருந்தால், அவர்களது சொல்லைக் கேட்க அன்று யார் இருந்தனர்?

1902ஆம் ஆண்டில் ஹெர்ட்மன் என்னும் பிரிட்டிஷ் பேராசிரியர் இலங்கையின் முத்துப் பார்களை ஆராய வந்தார். அவருடன் வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்துறையின் தலைவராகி, நம் மன்னார் வளைகுடாவின் பார்களையும் சங்கையும் தோணிகளையும் பற்றி ஏராளமாக எழுதியவர். அவ்விருவரும் ஆயிரக்கணக்கில் சிப்பிகளை அறுத்துப் பார்த்தனர். சிப்பியின் உடலில் புகும் ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவமே முத்துக்குக் காரணம் என்று முடிவு கூறினர். மழைத்துளிக் கதை போய்ப் புழுக்கதை வந்தது! பிந்திய ஆராய்ச்சிகளில் அதுவும் முழு உண்மையன்று எனத் தெரிந்தது. சிப்பியின் ஓட்டுக்கு உட்புறமாக அதன் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தசையொன்று உண்டு. ஓட்டின் உட்பக்கத்துப் பளபளப்பை உண்டாக்குவது அத்தசையே. அதன் அணுக்களில் சில எவ்வாறோ இடம் பெயர்ந்து உடலுக்குள் சென்றுவிட்டால், அங்கே அவை ஒரு சிறு பையாக வளர்ந்து, அப்பைக்குள் அதே பளபளப்பான சுண்ணாம்புப் பொருளை ஏடு ஏடாகச் சுரக்கின்றன. அந்த ஏடுகள் உருண்டு திரண்டால் அதுவே முத்து.

இந்த உண்மையைப் பிடித்துக்கொண்ட ஜப்பானியர், சிறு மணியொன்றையும் வேறொரு சிப்பியின் போர்வைத் தசைத் துண்டையும் உயிருள்ள சிப்பிக்குள் வைத்து முத்து விளைவிக்கும் கலையில் வல்லவர்களாயினர். மிகிமோட்டோ என்பவர் 1893இல் அரைவட்ட முத்தை விளைவித்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் முழு உருண்டை முத்தும் அவர்கள் கைக்கு வந்தது. அந்நுட்பத்தைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்க அவர்கள் விரும்பவில்லை. முத்துக்குப் பெயர் பெற்ற நம் கரையோ கைகட்டி நின்றது. 1961ஆம் ஆண்டுடன் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பும் நின்றுபோயிற்று. பார்களில் போதிய சிப்பி இல்லை.

அதற்குப் பிறகு நிகழ்ந்ததே நம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமி என்னும் தமிழ் விஞ்ஞானி, 1972இல் தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள வேப்பலோடைக் கடற்கரையில் முத்து வளர்ப்பு ஆராய்ச்சியைத் தொடங்கினார். கடலில் மிதவைகளைக் கட்டிக் கூண்டுகளில் சிப்பிகளைத் தொங்கவிட்டு, அறுவை செய்து மணிகளைப் பதித்துக் காத்திருந்தனர். 1973 ஜூலையில், இந்தியாவிலேயே முதன்முறையாக, மனித முயற்சியால் விளைந்த உருண்டை முத்து நம் கரையில் சிப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. 1981இல் முத்துச்சிப்பியின் குஞ்சுகளையே ஆய்வுக்கூடத்தில் பொரிக்கச் செய்யும் முறையும் தூத்துக்குடியில் கைகூடியது.

அந்த 1973ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமா? செய்யது ஜஹூர் காசிம். அலகாபாத்தில் 1926இல் பிறந்து, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்ற முஸ்லிம் பெருமகன். முத்தைப் பற்றி அழகர்சாமியுடன் சேர்ந்து கட்டுரை எழுதியவர். தென்துருவத்துக்குச் சென்ற இந்தியாவின் முதல் ஆராய்ச்சிக் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரி 9ஆம் நாள் அந்தப் பனிக் கண்டத்தில் காலடி வைத்தபோது அதன் தலைவரும் அவரே. 2015இல் அவர் மறைந்தார். நம் வீடுகளில் அவரது பெயரைக் கேள்விப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பாட்டனார் பெயர் வரை ஒப்பிக்கும் பிள்ளைகளைத்தான் கேட்கிறேன்.

இவ்விடத்தில் மனத்திலுள்ளதைச் சற்று வெளிப்படையாகச் சொல்ல அனுமதியுங்கள். எங்கேனும் ஒரு விஞ்ஞானி பல்லாண்டு பாடுபட்டு ஓர் உண்மையைக் கண்டு வெளியிட்டால், மறுவாரமே நம் மேடைகளில், 'இது எங்கள் வேதத்தில் அன்றே சொல்லப்பட்டுவிட்டது' என்று முழக்கம் கேட்கிறது. இறைவனின் சொல் உண்மை என்பதில் நமக்கு ஐயமில்லை. அவ்வாறாயின், முத்தைப் பற்றிய வசனத்தை ஆயிரம் ஆண்டுகளாக ஓதி வந்த நாம், முத்து எப்படி விளைகிறது என்று ஏன் முதலில் தேடவில்லை? நம்மவர் தேடிய காலமும் இருந்தது. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பிரூனி, மணிகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதில் முத்துக்கென நீண்டதொரு பகுதியை ஒதுக்கினார். மணிகளின் எடையைத் தண்ணீரின் எடையோடு ஒப்பிட்டு அளந்து பார்த்தார். வசனத்தை ஓதியதோடு அவர் நின்றுவிடவில்லை, தராசையும் கையிலெடுத்தார்.

தேடலை மூட்டும் தீப்பொறி எது என்பதற்கு, இதே மன்னார் வளைகுடாவின் வட எல்லையிலிருந்து இன்னொரு சான்று காட்டுவேன். இராமேசுவரத்தில் 1931 அக்டோபர் 15ஆம் நாள் பிறந்த அப்துல் கலாம் அவர்களை அறியாதார் இல்லை. அவரது வரலாற்றில் ஏவுகணைகளையும் குடியரசுத் தலைவர் மாளிகையையும் நாம் பேசுகிறோம். கடற்கரையில் கழிந்த ஒரு மாலைப் பொழுதை மறந்துவிடுகிறோம். ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர், பறவை எவ்வாறு பறக்கிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். சிறுவன் கலாமுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று எழுந்து சொன்னான். மற்றப் பிள்ளைகளும் அவ்வாறே சொன்னார்கள். ஆசிரியர் கோபிக்கவில்லை. அன்று மாலையே பிள்ளைகள் அனைவரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கடற்பறவைகள் இறக்கையை அடிப்பதையும், வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் விரல் சுட்டிக் காட்டினார். தம் வாழ்க்கையின் இலக்கு அன்று முடிவாயிற்று என்று கலாம் அவர்கள் முதுமையிலும் கூட்டங்கள்தோறும் கூறி வந்தார்.

தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று 'அல்முல்க்' அத்தியாயம் நம்மைக் கேட்கிறது. இரவுதோறும் உறங்கு முன் அந்த அத்தியாயத்தை ஓதும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஓதுகிறோம், ஆனால் பிள்ளையின் கையைப் பிடித்துக் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவையைக் காட்டியவர் ஓர் அந்தணர். அல்லாஹ் அவருக்கு அந்தப் பேற்றைத் தந்தான். அதே ஆசிரியர், தம் இல்லத்து ஆசாரமான சமையலறையில் முஸ்லிம் சிறுவனுக்கு உணவிட அவரது துணைவியார் தயங்கியபோது, தம் கையாலேயே பரிமாறி உடனமர்ந்து உண்டவர் என்பதையும் கலாம் அவர்கள் தம் சுயசரிதையில் நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார். அடுத்த முறை அந்த அம்மையாரே உள்ளே அழைத்துப் பரிமாறினாராம்.

பறவைகளைப் பற்றிய இன்னொரு வரலாறும் நினைவுக்கு வருகிறது. இறந்தவர்களை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என்பதைத் தமக்குக் காட்டுமாறு நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறைவனிடம் கேட்டார்கள். நீர் நம்பவில்லையா என்று இறைவன் வினவினான். நம்புகிறேன், என் உள்ளம் அமைதியுறும் பொருட்டே கேட்கிறேன் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். அல்பகரா அத்தியாயத்தில் உள்ள செய்தி இது. இறைவன் அவர்களைக் கண்டிக்கவில்லை. நான்கு பறவைகளைக் கொண்டு கண்கூடாகக் காட்டினான். நம் வீட்டில் ஒரு பிள்ளை, 'வாப்பா, இது எப்படி?' என்று கேட்டால், 'ஓதிக்கொண்டு பேசாமல் இரு' என்று வாயடைக்கிறோமே, எவரிடமிருந்து இந்த வழக்கத்தைக் கற்றோம்?

கலாம் அவர்களின் வீட்டையும் கவனிக்க வேண்டும். தந்தை ஜைனுலாப்தீன் அதிகம் பள்ளிப் படிப்பு இல்லாதவர், படகு கட்டியவர், தொழுகையில் பேணுதல் மிக்கவர். மகனின் வினாக்களுக்கு எளிய தமிழில் பொறுமையுடன் விடையளித்தவர். உறவினர் ஜலாலுத்தீன், புதிய கண்டுபிடிப்புகளைப் பற்றிச் சிறுவனிடம் ஓயாது பேசியவர். சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, மூத்த சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைக்கக் கொடுத்தார். 1980 ஜூலை 18இல் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி துணைக்கோளைச் சுமந்து விண்ணில் ஏறியபோது, அதில் அந்த ராத்தாவின் வளையலும் இருந்தது என்றே நான் எண்ணுவேன்.

தீப்பொறி எல்லோருக்கும் சிறு வயதில்தான் விழும் என்பதும் இல்லை. திருச்சியில் பிறந்த சர் சி.வி. இராமன் 1921இல் கப்பலில் பயணம் செய்தபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. வானத்தின் நிறம் நீரில் தெரிகிறது என்று பெரியோர் சொன்ன விளக்கம் அவருக்குப் போதவில்லை. அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சி 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவாக முடிந்தது. கடலை நாளும் பார்ப்பவர் நாம். இன்னொரு வியப்பு: பிற்காலத்தில் அவர் சிப்பி ஓட்டின் உட்புறத்து வண்ண ஜாலத்தையும் முத்தின் ஒளியையும் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி அவற்றிடையே பட்டுத் திரும்பும்போது நிறம் பிறக்கிறது. நம் உம்மாமார்களின் காதுகளில் ஆடிய முத்தின் ஒளிக்கும் அதுவே காரணம்.

என்னைப் போன்ற மதரஸா உஸ்தாதுகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 'உலமா' என்ற பட்டத்தை நாம் உரிமையோடு சூட்டிக்கொள்கிறோம். 'ஃபாத்திர்' அத்தியாயத்தில் அச்சொல் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். வானிலிருந்து இறங்கும் மழை, பல நிறக் கனிகள், வெண்மையும் செம்மையும் கருமையுமாக மலைகளில் ஓடும் கோடுகள், மனிதரிலும் கால்நடைகளிலும் உள்ள நிற வேறுபாடுகள் ஆகியவற்றைச் சொன்ன பின்னரே, இறைவனை உண்மையில் அஞ்சுவோர் அறிஞர்களே என்னும் கருத்து அங்கே வருகிறது. மலையின் கோட்டையும் கனியின் நிறத்தையும் கூர்ந்து நோக்குபவர் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பவர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆவுக்குப் பின் ஒரு தந்தை என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், மகள் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். கடல், சிப்பி என்று பெண்பிள்ளைக்கு என்ன படிப்பு? இதையெல்லாம் படித்தால் ஈமானுக்குக் குறைவு வந்துவிடாதா?" என்று கேட்டார். 1977இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. கவலை அவருடைய முகத்தில் எழுதியிருந்தது. அதை நான் எளிதாகக் கருதவில்லை.

அவருக்கு நான் இரண்டு செய்திகளைச் சொன்னேன். நபிபெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். சொந்தத் துக்கத்தின் நடுவிலும், எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் ஏற்படுவதில்லை, அது இறைவனின் அத்தாட்சி என்று நாயகம் (ஸல்) அவர்கள் மக்களைத் திருத்தினார்கள். தம் பெருமைக்கு உதவக்கூடிய ஒரு தவறான நம்பிக்கையைக்கூட அவர்கள் வளரவிடவில்லை. காரணத்தைச் சரியாக அறிவதால் ஈமான் குறையுமானால், அந்தத் திருத்தம் எதற்காக?

இரண்டாவது, இமாம் கஸ்ஸாலி அவர்களின் 'இஹ்யா'வில் உள்ளது. மருத்துவமும் கணக்கும் சமுதாயத்தின் மீது ஃபர்ளு கிஃபாயா என்று வகுத்த இமாமவர்கள், எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லாதிருக்க, எல்லோரும் சட்டக்கலையில் போய்க் குவிகிறார்களே என்று மனம் நொந்து எழுதினார்கள். காரணத்தையும் அவர்கள் ஒளிக்கவில்லை: வக்பு நிர்வாகமும் காஜி பதவியும் அநாதைச் சொத்தின் மேற்பார்வையும் மருத்துவத்தால் கிடைக்காதாம்! தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து. அந்தத் தந்தை சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், ஆனால் எனக்குச் சற்றுச் சுருக்கென்றுதான் இருந்தது.

வேலை கிடைக்குமா என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளையின் காலம் நம் காலமன்று. திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில், விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளைந்து போகாமல் நேர் தெற்கே கடல்மீதாகவே ராக்கெட் செல்ல ஏற்ற இடம் என்பதால் நம் கரை தேர்ந்தெடுக்கப்பட்டது. குலசை மக்களுக்கு இனி வானமும் ஒரு துறைமுகம்.

"சரி ஹஜ்ரத், அவள் எதற்காக இதைப் படிக்கத் துடிக்கிறாள் என்றாவது நான் கேட்டிருக்க வேண்டும்" என்று சொல்லி அவர் விடைபெற்றார். மறு வெள்ளியன்று மீண்டும் வந்தார். மகளிடம் கேட்டிருக்கிறார். அவளுடைய பாட்டனார் அந்நாளில் சங்கு குளித்தவராம். 1961க்குப் பிறகு பார்களில் சிப்பி ஏன் முன்போல் நிறையவில்லை என்று அவரிடம் அவள் சிறுமியாக இருந்தபோது கேட்டாளாம். 'தெரியவில்லை கண்ணே, நீ படித்து வந்து எனக்குச் சொல்' என்று அவர் சொன்னாராம். பாட்டனார் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. விண்ணப்பத்தின் கடைசி நாள் என்று என்பதை விசாரித்துக்கொண்டு அந்தத் தந்தை அஸருக்குள் தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினார்.